பதினேழாவது பைனல்

உங்கள் கம்ப்யூட்டரில் ‘பைனல்’ என்று பெயர் வைத்த கோப்புகள் எத்தனை கிடக்கின்றன என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீங்கள் திருப்பி என்னைக் கேட்பீர்கள். ஒரே ஒரு வாழ்த்து மடலுக்கு என்னிடம் பதினேழு இருந்தன. பைனல், பைனல் நியூ, பைனல் ஓகே, கோமதி பைனல் என்று வரிசையாக நின்றன. பதினேழாவதற்கு வைத்த பெயரைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், இப்போதே சிரித்துவிடாதீர்கள்.

சங்கரன்கோவிலில் கோமதி என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அதனால் என்னை எல்லோருக்கும் டிடிபி கோமதி என்று சொன்னால்தான் தெரியும். கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோவில் கொடை நோட்டீஸ், பிளெக்ஸ் எல்லாம் செய்தேன். பேர் வாங்கியது மட்டும் வாழ்த்து மடலில். கல்யாண மேடையிலும் பணி ஓய்வு விழாவிலும் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்களே, அதுதான். வடிவமும் நான், வரிகளும் நான். கழுத்து வலி தாங்காமல் போன வருடம் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது அந்த மாதிரி நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எனக்கு போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: “அக்கா, இது போதுமா? அனுப்பிரலாமா?”

போதும், போதாது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் பட்டதைச் சொல்கிறேன். அதில் உங்களுக்கு ஆகிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் நான் எதையும் கையில் வைத்திருக்கிற ஆளே இல்லை. இன்றைக்குக் கேட்டால் நாளைக்குக் கொடுத்துவிடுவேன். ஒரு தபால்காரரின் ஓய்வுக்கு எழுதிய மடலை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, அடுத்த மாதம் ஒரு தலைமையாசிரியருக்குக் கொடுத்தேன். மேலே மாற்றினேன். கீழே மாற்றினேன். நடுவில் ஒரு வரியில் விட்டுவிட்டேன். மேடையில் வாசித்தவர் கவனிக்காமல் மைக்கில் தபால்காரர் பெயரைச் சொல்லி, நூறாண்டு வாழ்க என்று முழங்கியிருக்கிறார். தலைமையாசிரியர் கடைக்கு வந்து சத்தம் போட்டிருந்தால்கூட தேவலை. “பரவால்லம்மா, அவரும் நல்ல மனுசன்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். மானமே போயிற்று. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து பிடித்தது எதிர்வியாதி. எதையும் கையைவிட்டு அனுப்ப மனசு வராது. ஒரு வார்த்தையை மாற்றுவேன், பழையதே நன்றாக இருந்தது என்று திரும்ப வைப்பேன், பிறகு அந்த வரியையே எடுத்துவிடுவேன். எங்கள் முதலாளி அண்ணாச்சி சாது. தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாரே தவிர ஏசமாட்டார். ஒருதடவை ஒரு மாப்பிள்ளையின் சேக்காளிகள் மடல் கேட்டிருந்தார்கள். முகூர்த்தத்தன்று காலையில் வாங்க வந்தபோது “பத்து நிமிசம் இரிங்க, ஒரே ஒரு வரிதான்” என்றேன். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நானே ஆட்டோ பிடித்து மண்டபத்துக்கு ஓடினால், மாப்பிள்ளையும் பெண்ணும் சிவகிரிக்கு வேன் ஏறியாயிற்று. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டம் போட்ட மடலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதைத் தேடி யாரும் வரவில்லை. அண்ணாச்சி என் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒரு ஆணி அடித்து அதை மாட்டிவிட்டார். “எடுத்துருங்க அண்ணாச்சி, பாக்கப் பாக்க வயிறு எரியுது” என்றேன். “கெடக்கட்டும் கோமதி, ஒனக்குத்தான் அது” என்றார். அதைப் பார்த்துப் பார்த்துத் திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். எங்கே! பதினொரு வருடம் அது அங்கேயே தொங்கியது. நானும் அப்படியேதான் இருந்தேன்.

இனிமேல்தான் சொல்ல வந்த விஷயம்.

நான் வேலையை விடுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது, கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து அருள்ராஜ் என்று ஒரு பையன் கடைக்கு வந்தான். அங்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்ட். அவர்களோடு வேலை பார்த்த கிராம செவிலியர் சண்முகத்தாய் அந்த மாதக் கடைசித் தேதியில் ஓய்வு பெறுகிறார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் நர்ஸம்மா என்றால் அவர்தான்.

“விழாவே வேண்டாங்காவ அக்கா. மாலை கூடாது, மைக் கூடாது, யாரும் பேசக் கூடாது. காப்பியைக் குடிச்சிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்னு ஒத்தக்கால்ல நிக்காவ.”

“ஏன், யார் மேலயும் கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. ‘ஊசி போட வாரவள்னு தெரியும். என்னை வேற யாருக்கு என்ன தெரியும்? யாரு வந்து என்னத்தைச் சொல்லப்போறா?’ன்னு கேக்காவ. அப்படிக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. மடல் ஒண்ணு மட்டும் வாசிச்சுக்கிடுதோம்னு கெஞ்சி சம்மதிக்க வச்சிருக்கேன். அவங்களுக்குன்னு சொல்லுத வார்த்தை அது ஒண்ணுதான் அக்கா. பாத்து எழுதுங்க.”

அரை மணி நேரம் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னான். அவன் போன கையோடு, அச்சில் கெட்டுப்போன ஒரு பத்திரிகைத் தாளின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று எழுதினேன். பதினாலு வரி. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். பயம் வந்துவிட்டது. மடல் மாதிரியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று சொல்லுகிற மாதிரி இருந்தது. இதைச் சட்டம் போட்டுக் கொடுத்தால், டிடிபி கோமதி எழுதினது இவ்வளவுதானா என்று கேட்க மாட்டார்களா? தாளை மேஜை டிராயருக்குள் தள்ளினேன்.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன், பிள்ளைகளே. உங்களுக்கு இருப்பதும் அதுதான். வேலை மேல் உள்ள அக்கறை போலவே அது வரும், அதே நாற்காலியில் உட்காரும், அதே குரலில் பேசும். அக்கறை எது, பயம் எது என்று எனக்கு அன்றைக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஐந்து நாள் உட்கார்ந்து இன்னொரு மடல் எழுதினேன். ‘கருணைக் கடலே! கலங்கரை விளக்கே! தன்னலம் கருதாத் தாயுள்ளமே!’ என்று போயிற்று அது. சங்கரன்கோவிலிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். கரிசல் காட்டில் சைக்கிளை மிதித்த அம்மாவுக்கு நான் கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர், மேலே குத்துவிளக்கு, கீழே இரண்டு மயில். ஒவ்வொரு நாளும் ஒரு புது பைனல்.

கடைசி நாளுக்கு முந்தின சாயந்திரம் அண்ணாச்சி பேப்பரை மடித்துக்கொண்டே வந்தார். “கோமதி, நாளைக்கு மாசாந்திரக் கரண்டு கட்டு. ஒம்போது மணிக்கு எடுத்தா சாயந்திரம் அஞ்சுக்குத்தான் தருவான். இப்பவே பிரிண்ட் போட்டுரு.”

“காலையில ஏழரைக்கே வந்து போட்டுருதேன் அண்ணாச்சி. ஒரே ஒரு வரிதான்.”

அவர் சுவரில் தொங்கிய கல்யாண மடலைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

சொன்னபடி ஏழரைக்கு வந்துவிட்டேன். எட்டே முக்காலுக்கும் மயிலின் கழுத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். ஒன்பதுக்கு டக்கென்று மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்தத் தொடங்கியது. கிழட்டு பேட்டரி, பத்து நிமிடம் தாங்கும். புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கரண்ட் இருக்கிற ஊருக்கு ஓடுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘கலங்கரை விளக்கே’ நல்லதா, ‘கலையாத ஒளிவிளக்கே’ நல்லதா என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒளிவிளக்கே என்று முடிவு செய்து ‘சத்தியமா பைனல்’ என்று பெயர் கொடுத்துச் சேமித்தேன். அதுதான் பதினேழாவது. பென் டிரைவைச் செருகக் கை போகும்போது திரை கறுத்துவிட்டது.

இப்போது சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விழா மூன்று மணிக்கு. ஜெனரேட்டருக்கு அலைந்தோம். நல்ல முகூர்த்த நாள், ஒன்றுகூட ஊரில் இல்லை. அண்ணாச்சி கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “பொட்டியைக் கழத்து. போர்வையில சுத்தி டி.வி.எஸ்.ல வச்சு ராஜபாளையம் போயிருவோம். அங்கன எனக்குத் தெரிஞ்ச பிரஸ் இருக்கு” என்றார். கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் ராஜபாளையம் போய், மாட்டி, அச்சடித்து, சட்டம் போட்டுத் திரும்பி வர வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் மூன்று மணிக்கு வந்துவிடலாம். ஏதாவது ஒன்று பிசகினால் வர முடியாது. வேறு எந்த வேலை என்றாலும் நாளைக்குக் கொடுக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம். இது அப்படி இல்லை. நாலு மணி பஸ்ஸில் அந்த அம்மா ஏறிவிட்டால், ‘என்னை யாருக்கு என்ன தெரியும்’ என்று அவர் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை என்று ஆகிவிடும்.

வயரைக் கழற்றக் குனிந்தேன். எதற்கும் இருக்கட்டும், மனப்பாடமாகச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. ஐந்து நாள் எழுதியதாயிற்றே. ‘கருணைக் கடலே’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. சத்தியமாக ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் டிராயரில் கிடந்த பதினாலு வரியும் ஒன்றுவிடாமல் வாயில் வந்தன. நான் அந்தத் தாளை ஐந்து நாளாகத் திறந்தே பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, ராஜபாளையம் வேண்டாம்” என்றேன்.

“என்னட்டி சொல்லுத?”

“அந்தக் கல்யாணச் சட்டத்தைக் கழத்தித் தாங்க.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஸ்டூலில் ஏறி அதை எடுத்தார். பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கிப் பழைய மடலை உருவினோம். அதே அளவுக்கு ஒரு தடித்த தாளை வெட்டி, மார்க்கர் பேனாவால் கையால் எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணியது. பதினாலு வரி பாதித் தாளோடு முடிந்துவிட்டது. மீதிப் பாதி வெறிச்சோடிக் கிடந்தது. அந்த வெள்ளையைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “கீழ ரெண்டு பூவாவது போட்டுருதேன்” என்று பேனாவை எடுத்தேன்.

“பூப் போட்டதெல்லாம் போதும், தாயி. பஸ்ஸு போயிரும்” என்று கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி, வாழ்க்கையில் முதல்தடவையாக என்னை அதட்டினார் அண்ணாச்சி.

கரிவலம்வந்தநல்லூரில் இறங்கியதும் அருள்ராஜ் பைக்கோடு நின்றான். சட்டத்தைப் பார்த்து அவன் முகம் மாறியது. பாதி வெறுமையாக இருந்தால் யாருக்குத்தான் மாறாது? “கரண்டு இல்ல தம்பி” என்று முணுமுணுத்தேன்.

நோயாளிகள் உட்காரும் பெஞ்சுகளில் ஒரு நாற்பது பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேர் மடியில் பிள்ளை. முன்னால் ஒரு நாற்காலியில் நர்ஸம்மா. ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, காலடியில் ஒரு ஒயர்க்கூடை. இப்போதே பஸ்ஸுக்குப் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். அருள்ராஜ் என்னையே வாசிக்கச் சொன்னான். எழுந்து நின்றேன்.

“சண்முகத்தாய் நர்ஸம்மா தெருவுக்குள் வந்தால் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளியும். பிள்ளையைப் பெற்றவள் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள்” என்று ஆரம்பித்தேன்.

பின்வரிசையில் கல்லூரிப் பெண் ஒருத்தி, “கட்டிலுக்கு அடியில இல்ல, நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

“எந்த வீட்டில் எத்தனாவது மாசம் என்று அந்த வீட்டுக்காரனுக்குத் தெரியும் முன்னே உங்களுக்குத் தெரியும்.” பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நர்ஸம்மாவும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

“ஓடையில் வெள்ளம் வந்த வருடம், தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தீர்கள். பெட்டி நனையவில்லை. நீங்கள்தான் நனைந்தீர்கள்.”

“நிறுத்து தாயி” என்றார் நர்ஸம்மா.

போச்சு என்று நினைத்தேன். அந்தத் தபால்காரர் மறுபடி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“பெட்டியும் நனைஞ்சிச்சு. நட்ட நடு ஓடையில கால் சறுக்கி நானும் விழுந்தேன், பெட்டியும் விழுந்துச்சு. ஆடு மேய்க்கிற மாயாண்டிதான் குதிச்சு நீந்திப் போயி பெட்டியைப் பிடிச்சான். பொறவு வந்து என்னையும் தூக்கிவிட்டான். ‘யார்ட்டயும் சொல்லாதிய நர்ஸம்மா, ஒங்க ஆபீசர் ஏசுவாரு’ன்னான். நானும் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. இப்பம் எனக்கு வேலை முடிஞ்சு போச்சுல்லா, சொல்லுதேன். அவன் பேரை எழுதாம எம் பேரை மட்டும் எழுதினா நல்லாவா இருக்கு?”

நடுப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு எழுந்தாள். பக்கத்தில் ஆறு, ஏழு வயதில் ஒரு சிறுமி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மாயாண்டி எங்க அப்பாதான் நர்ஸம்மா. செத்து நாலு வருசம் ஆச்சு. எங்கள்ட்டகூட இதைச் சொல்லலியே...” என்று ஆரம்பித்தாள். அப்படியே நின்று அழுதாள்.

பேச்சே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்ற அம்மா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார். அப்புறம் பேசினார் பாருங்கள்! மாயாண்டி எப்படி நீந்தினான், கரையேறி என்ன கேலி பேசினான் என்று நின்றவாக்கிலேயே சொன்னார். அவர் விட்ட இடத்தில் ஒரு பெண் எடுத்தாள். தன் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸில் கூடவே வந்து, செருப்பைத் தொலைத்துவிட்டு நர்ஸம்மா வெறுங்காலோடு வீடு போன கதை அது. அடுத்து ஒருத்தி, அதற்கடுத்து ஒருத்தி. நான் மீதி வரிகளை வாசிக்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. எனக்குத் துளி வருத்தம் இருந்திருந்தால் என்னைக் கேளுங்கள். நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நர்ஸம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் சட்டத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். மடியில் வைத்துக் கண்ணாடி மேல் விரலால் தடவிப் பார்த்தார்.

“தப்பா எழுதிட்டேன் நர்ஸம்மா. திருத்திப் புதுசா பிரிண்ட் போட்டு, நல்லா பார்டர் வச்சுக் கொண்டாந்து தாரேன்” என்றேன். பாருங்கள், அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

“எதுக்கு? கண்ணாடியைக் கழத்து. அதான் கீழ எடம் கெடக்கே, மாயாண்டி பேரை எழுது.”

அருள்ராஜ் ஸ்குரு டிரைவர் கொண்டுவந்து ஆணிகளை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றினான். பெஞ்சில் தாளை வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, நர்ஸம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். வெறுமையாகக் கிடக்கிறதே என்று நான் கூசிய இடம் அது. பூப் போட்டு நிரப்பியிருந்தால் மாயாண்டியை எங்கே எழுதியிருப்பேன்?

ஐந்தரைக்குக் கடைக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு ‘சத்தியமா பைனல்’ கோப்பைத் திறந்தேன். பத்திரமாக இருந்தது, மயில் கழுத்து உள்பட. மேலே இருந்த பெயரை எடுத்துவிட்டால் அது அந்தத் தபால்காரருக்கும் பொருந்தும், தலைமையாசிரியருக்கும் பொருந்தும். பதினேழு தடவை திருத்தியும் அதில் ஓடை இல்லை, பெட்டி இல்லை. பதினெட்டாவது தடவை திருத்தியிருந்தாலும் மாயாண்டி அதற்குள் வந்திருக்க மாட்டார். அவர் என் மேஜையில் இல்லை, அந்தப் பெஞ்சில் இருந்தார். நான் வாயைத் திறந்து, தப்பும் தவறுமாக வாசித்ததால் வந்தார்.

அதனால் ‘போதுமா அக்கா’ என்று நீங்கள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கண்ணை மூடிச் சொன்னால் உனக்கு அது வருதா? வந்தால் அனுப்பு மக்கா. பேரை மட்டும் ரெண்டு தடவை சரிபாத்துரு.

போன மாதம் நர்ஸம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தச் சட்டம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. கண்ணாடியைத் திரும்ப மாட்டவே இல்லை. ஓரத்தில் நூல் கட்டி ஒரு பேனா தொங்கியது. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு வரி எழுதியிருந்தார்கள். என் எழுத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, குண்டு குண்டான எழுத்தில், ‘மாயாண்டி எங்க தாத்தா’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது.

அதற்குக் கீழே இன்னும் நாலு விரல் அளவுக்கு இடம் இருந்தது.